காரிமங்கலத்துக் கொலைக்கதைக்காரர்

காரிமங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே என் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் உண்டு. என் பெயர் கலைமணி. இந்த ஊரில் யார் தாலி கட்டினாலும் யார் கண்ணை மூடினாலும் செய்தி என் விரல் வழியாகத்தான் வெளியே போகும். அதுபோக, இருபது வருஷத்துக்கு மேலாகக் கொலைகளும் டைப் அடித்திருக்கிறேன். மாமியாருக்கு விஷம் வைத்திருக்கிறேன், பங்காளியைக் கிணற்றில் தள்ளியிருக்கிறேன், தொப்பூர் கணவாயில் காரை உருட்டிவிட்டிருக்கிறேன். எல்லாம் நவநீதன் அண்ணன் எழுதியவை. பழி பாவம் அவருக்கு, கழுத்துவலி எனக்கு.

அவரைப் பற்றி ஊரில் இப்போது இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். இரண்டுமே அரைகுறை. அரைகுறையாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் நானே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நவநீதன் அண்ணன் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். ஒல்லியான ஆள். கண்டக்டர்கள் சண்டை போட்டால்கூட இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டு விலக்கிவிடுகிற சுபாவம். தருமபுரி வண்டி போய்க் கிருஷ்ணகிரி வண்டி வருவதற்குள் இருக்கும் இடைவெளியில் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கழுத்தை நெரித்து முடித்துவிடுவார். வண்டி வந்ததும் எழுந்து போய் நேரம் எழுதி அனுப்பிவிட்டு, திரும்பி வந்து பிணத்தைப் புதைப்பார்.

அவருடைய முதல் கதை வந்தபோது அவருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை என்று சொல்வார்கள். சென்னையில் மாத நாவல் போடும் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினார். அவர்கள் அட்டையில் துப்பாக்கி பிடித்த ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு வெளியிட்டார்கள். கதையில் துப்பாக்கியே கிடையாது. இருந்த ஒரே பெண்ணுக்கும் அறுபது வயது. ஆனாலும் புத்தகம் பறந்தது. அதற்குப் பிறகு மாதம் தவறாமல் எழுதினார். மற்றவர்கள் எல்லாம் கொலையைச் சென்னை பங்களாவிலும் ஊட்டி எஸ்டேட்டிலும் வைத்துக்கொண்டிருந்த காலத்தில், இவர் நம் வாரச் சந்தையில் வைத்தார், பாலக்கோடு மாந்தோப்பில் வைத்தார். துப்பறிவதற்கு எஸ்.ஐ. மங்கைத்தாய் என்று ஒரு பெண்ணைப் படைத்தார். சைக்கிளில் வருவாள், முறுக்கு தின்றுகொண்டே பிணத்தைப் பார்ப்பாள். கோயம்புத்தூரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அவளுக்குக் கல்யாணம் பேசிக் கடிதம் எழுதியவர்கள் உண்டு.

வாடகை நூலகத்தில் அவர் புத்தகங்களை எடுக்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. படித்து முடித்தவர் முதல் பக்கத்திலேயே "கொலைகாரன் டிரைவர்" என்று பேனாவால் எழுதிவைத்துவிடுவார். அடுத்து எடுக்கிறவனுக்கு எப்படி இருக்கும்? அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். பிறகு அவரே நூலகத்துக்குப் போய், தன் புத்தகங்களின் முதல் பக்கத்தில் தப்பான பெயரை எழுதிவைத்துவிட்டு வந்தார். அந்தக் குறும்பெல்லாம் அவருக்கு இருந்தது.

அவர் எழுதுகிற முறை தனி. கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் எழுதி என்னிடம் கொடுப்பார். "இதை மொதல்ல அடிச்சு வெச்சுடு கலை. நடுவுல நான் செத்துப்போனாலும் கொலைகாரன் தப்பிக்கக் கூடாது பாரு" என்பார். மீதியை எழுத எழுத அவருடைய மனைவிக்கு வாயாலேயே சொல்வார். அமுதவல்லி அண்ணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ கேட்டுக்கொண்டிருப்பார். பாதிக் கதையிலேயே, "அந்தக் கம்பவுண்டர்தானுங்க?" என்று கேட்டுவிட்டால் போச்சு. அண்ணன் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்து, "கடைசி அத்தியாயத்தை அழிச்சுடு. உங்கண்ணி கண்டுபிடிச்சுட்டா" என்பார். கோபம் எனக்கு அண்ணிமேல்தான் வரும். அவர் ஒரு வார்த்தை கேட்டால் எனக்கு ஒரு நாள் வேலை வீண்.

அவர்களுக்கு ஒரே மகள், சுசித்ரா. பெங்களூரில் கணினிக் கம்பெனியில் வேலை. அந்தக் கம்பெனிக்கு நார்வேயிலிருந்து ஆட்கள் வந்துபோவார்கள். அவர்கள் ஊரில் ஈஸ்டர் விடுமுறை வந்தால் சனங்கள் கொலைக்கதைப் புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டு பனிமலைக்குப் போய்ப் படிப்பார்களாம். பால் பாக்கெட்டில்கூடத் துப்பறியும் கதை அச்சடிப்பார்களாம். கொலைக்கதை எழுதுகிறவர்களுக்குப் பரிசும் மரியாதையும் உண்டாம். சுசித்ரா இதைச் சொன்னதிலிருந்து அண்ணன் அடிக்கடி நார்வே நார்வே என்று ஆரம்பித்துவிடுவார்.

"பாத்தியா கலை, அந்த ஊர்ல பொறந்திருந்தா எனக்குச் சிலை வெச்சிருப்பாங்க."

"அந்த ஊர்ல பொறந்திருந்தா குளிர்ல வெறைச்சுப் போயிருப்பீங்க. உங்க பொணத்தை மங்கைத்தாய் வந்து பாத்திருப்பா" என்பேன். சிரிப்பார்.

பிறகு காலம் மாறியது. பஸ்ஸில் புத்தகம் படித்தவர்கள் எல்லாரும் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மாத நாவல் இரண்டு மாதத்துக்கு ஒன்றானது, அப்புறம் தீபாவளிக்கு ஒன்றானது. அண்ணன் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் எழுதிக்கொண்டுதான் இருந்தார். அந்தச் சமயத்தில் அவருடைய பழைய நாவல் ஒன்றை ஒரு கம்பெனி குரலில் பதிவுசெய்து போனில் கேட்கிற மாதிரி வெளியிட்டது. அது ஓஹோவென்று ஓடியது. 'மணமகளுக்கு ஒரு நாகம்' என்று பெயர். கணவனே மனைவியின் படுக்கையில் பாம்பை விட்டுக் கொல்லும் கதை. அதில், கணுக்காலில் பதிந்த இரண்டு பல் தடங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை வைத்துத்தான் மங்கைத்தாய் துப்புத் துலக்குவாள். பாம்பு கொத்தியதும் அந்தப் பெண் வீலென்று கத்துவாள், உடம்பு நீலமாகும், வாயில் நுரை தள்ளும், விளக்கைப் போடுவதற்குள் உயிர் போய்விடும். நான்தானே அடித்தேன், எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் காலை, நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்தார். அண்ணிக்கு விடிந்ததிலிருந்து வயிற்றுவலி, வேன் இருக்கிறதா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் ஆம்னி வேன் ஓட்டுகிறார். அவர்கள் வீடு ஊருக்கு வெளியே, அண்ணிக்கு அவர் அப்பா கொடுத்த நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது. நாங்கள் போனபோது அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடுப்புவலி என்று கொஞ்ச நாளாகவே கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் பாய் போட்டுத்தான் படுத்துக்கொண்டிருந்தார். ஓமத்தண்ணி குடித்தாராம், நிற்கவில்லையாம்.

"என்னங்க அண்ணி, தூக்கம் பத்தலையா?" என்று கேட்டேன். கண் இமை பாதி இறங்கியிருந்தது.

"கண்ணைத் தொறக்கவே முடியல கலை. ஒடம்பெல்லாம் ஒரு மாதிரி தொவண்டு போச்சு" என்றார். நாக்குக் குழறியது. தூக்கக் கலக்கம் என்றுதான் நானும் நினைத்தேன்.

வேனில் போகும்போது என் வீட்டுக்காரர், "மழைக்காலம், கீழ படுத்திருக்காங்க. பூச்சி பொட்டு ஏதாச்சும் கடிச்சிருக்குமோ?" என்றார். அண்ணன் உடனே, "நான் பாத்துட்டேன். கால், கை எல்லாம் பாத்துட்டேன். தடம் எதுவும் இல்லை" என்றார். அவ்வளவு உறுதியாகச் சொன்னார்.

தருமபுரியில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பணியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். அண்ணியின் கண்ணைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு அண்ணனிடம் கேட்டார்: "கீழ படுத்திருந்தாங்களா? பாம்பு கடிச்சிருக்க வாய்ப்பு இருக்கா?"

"இல்லைங்க டாக்டர். அது இல்லை. நான் நல்லாப் பாத்துட்டேன். கடிச்ச தடமே கெடையாது. கத்தக்கூட இல்லை, நல்லாத் தூங்குனா."

நான் பக்கத்தில்தான் நின்றேன். சாட்சி சொல்கிறவன் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு வயிற்றுவலிக்கான பரிசோதனைகளுக்கு எழுதினார். அண்ணி உட்கார முடியாமல் சாய்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், விழுங்க முடியவில்லை, கடைவாயில் வழிந்தது. அப்புறம் பெரிய டாக்டர் வந்தார். இமையைப் பார்த்ததுமே, "இது கட்டுவிரியன்" என்று சொல்லிவிட்டு ஓடினார். ஊசி போட்டார்கள், மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முதலிலேயே ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். விடியும்போதே வந்திருந்தால் நல்லது, மற்றதை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் பெரிய டாக்டர். அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தடமே இல்லைங்களே?"

"கட்டுவிரியன் பல்லு ரொம்பச் சின்னதுங்க. பல பேருக்குத் தடம் தெரியாது. கடிச்சதே தெரியாது. வயித்துவலின்னுதான் வருவாங்க."

அண்ணன் அதைக் கேட்டுவிட்டு நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்தார். அழவில்லை. நான் அழுதேன், வாய்விட்டு அழுதேன். என் வேலையை எத்தனையோ முறை கெடுத்த அந்த அண்ணியை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அண்ணன் மட்டும் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்பு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எடுக்கிற அன்றைக்கும் அழவில்லை. ஊர் அதைத்தான் பார்த்தது. சனங்களுக்கு வேறென்ன வேலை. "கொலைகாரப் புருசன்தான் சத்தமா அழுவான்னு அவரே எழுதியிருக்காரு, அதான் உசாரா அழாம இருக்காரு" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அழுதிருந்தால் அதையும் சொல்லியிருப்பாள். வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினேன்.

அண்ணியின் தம்பி மாதையன் பக்கத்து ஊரில் தக்காளி பயிர் செய்கிறவர். அக்கா புருசன் எழுதுவது அவருக்கு எப்போதும் பிடிக்காது. அண்ணன் புத்தகம் ஒன்றைக்கூட அவர் தொட்டதில்லை. சாவுக்கு வந்த யாரோ பாம்பு நாவலைப் பற்றிச் சொல்ல, அதைத் தேடி வாங்கி, எழுத்துக்கு அடியில் விரல் வைத்து முழுசாகப் படித்திருக்கிறார். அவர் வாழ்க்கையில் முழுசாகப் படித்த ஒரே நாவல் அதுதான். நேரே காவல் நிலையத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"இத்தனை கொலை எழுதுனவரு. பொண்டாட்டிக்குப் பாம்பு கடிச்சது தெரியலைன்னா யாருங்க நம்புவாங்க? தெரிஞ்சேதான் இல்லைன்னு சொல்லியிருக்காரு. எங்கக்காவைக் கொன்னுட்டாரு!"

அதுதான் ஊரில் பலரும் பேசிய பேச்சு. எழுதியவருக்குத் தெரியாமல் இருக்குமா என்று கேட்டார்கள். நான் மாதையனிடம் போய், "நான் கூடவே இருந்தேன், அவருக்கு நெசமாவே தெரியாது" என்றேன். "நீங்க அவருகிட்ட வேலை செய்யறவங்க, அப்பிடித்தான் சொல்லுவீங்க" என்று வாயை அடைத்துவிட்டார்.

காவல் நிலையத்தில் அண்ணனையும் கூப்பிட்டார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் நாவலைப் படித்து வைத்திருந்தார். பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வந்திருந்தது. அவர் மாதையனைப் பார்த்துச் சொன்னார்:

"இந்தப் புஸ்தகத்துல இருக்கிறது எதுவுமே இந்தச் சாவுல இல்லைங்க. கத்தலை, நுரை இல்லை, தடம் இல்லை. இதை எழுதுனவருக்குப் பாம்பைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்கறதுக்குத்தான் இது சாட்சி. வூட்டுக்குப் போங்க."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். விடுதலை கிடைத்த ஆளின் முகமாக அது இல்லை. யாரோ முகவரி விசாரித்த மாதிரி இன்ஸ்பெக்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போலீஸ் விட்டது, மாதையன் விடவில்லை. "இவரு கதையிலயே மங்கைத்தாயைத் தவிர எல்லாப் போலீசும் முட்டாள்தானே, அவங்க பேச்சை நம்பணுமா?" என்றார். படித்தது ஒரே ஒரு நாவல், அதற்குள் விமர்சனம். முனியப்பன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும், பிறகு நான் வாயைத் திறக்கவில்லை என்றார்.

எங்கள் பக்கம் அது வழக்கம். போலீஸிலும் கோர்ட்டிலும் தீராதது முனியப்பன் கோயிலில் தீரும். கல்மேல் கற்பூரம் ஏற்றுவார்கள். சந்தேகத்துக்கு ஆளானவர், "நான் இதைச் செய்யவில்லை" என்று சொல்லி உள்ளங்கையால் தீயை அடித்து அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் வம்சம் விளங்காது என்று நம்பிக்கை. நாக்குக் கூசாமல் பொய் சொல்கிற ஆட்கள்கூடக் கற்பூரத்தைக் கண்டால் பின்வாங்கிவிடுவார்கள்.

இதெல்லாம் மாதையனோடு போயிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். கவலை சுசித்ராவால் வந்தது. அம்மா முகத்தை ஐஸ் பெட்டியில் பார்த்த நாளிலிருந்து அவள் அப்பாவிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்னப்பா நடந்துச்சு?" மகள் கேட்டால் அண்ணன் பாத்திரத்தைக் கழுவப் போய்விடுவார், இல்லாவிட்டால் மோட்டார் போடப் போய்விடுவார். நடந்ததை நான் சொன்னேன். "நீங்க சொல்றதை நம்பறேங்க்கா. ஆனா அவரு ஏன் சொல்ல மாட்டேங்கறாரு?" என்றாள். மாதையன் சத்தியம் கேட்டு வந்த அன்றைக்கு, அண்ணன் வீட்டு முற்றத்தில் எல்லார் முன்னாலும் சொன்னாள்:

"மாமா கேக்கறபடி அப்பா சத்தியம் பண்ணட்டும். பண்ணுனா எனக்குப் போதும். மாட்டேன்னா, இனிமே இந்த வூட்டுப் படியை நான் மிதிக்க மாட்டேன்."

மனைவி போய்விட்டார். மீதம் இருந்தது மகள் ஒருத்திதான். அதுவும் அந்தக் கற்பூரத்தில் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் கூடினோம். மழை விட்டு வெயில் அடித்தது. பூசாரி கல்லைத் துடைத்துக் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். அண்ணன் குளித்து ஈர வேட்டியோடு நின்றார். நான் கவலையே படவில்லை. அவர் செய்யாததைச் செய்யவில்லை என்று சொல்லப் போகிறார், கையில் கொஞ்சம் சுடும், அத்தோடு விட்டது என்றுதான் நினைத்தேன்.

"சொல்லுங்க, 'நான் கொல்லலை'ன்னு சொல்லி அணைங்க" என்றார் பூசாரி.

அண்ணன் கையை நீட்டினார். கை தீக்கு மேலே அப்படியே நின்றது. இறங்கவில்லை.

"அணைங்க சாமி, எரிஞ்சு முடிஞ்சுடும்."

"எனக்கு அப்பிடிச் சொல்ல வரலைங்க" என்றார் அண்ணன். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வண்டி தாமதம் என்று பயணிகளிடம் சொல்வது மாதிரி சொன்னார். "டாக்டரம்மா கேட்டாங்க, பாம்பு கடிச்சுதான்னு. நான் இல்லைன்னு சொன்னேன். வேன்ல கலை வூட்டுக்காரரு கேட்டாரு. அவருகிட்டயும் இல்லைன்னு சொன்னேன். நான் இல்லைன்னு சொல்லாம இருந்திருந்தா ஊசி போட்டிருப்பாங்க. அப்புறம் எப்பிடி நான் கொல்லலைன்னு அணைக்கறது?"

"பாத்தீங்களா! ஒத்துக்கிட்டாரு! முனியப்பன் அவரு வாயாலயே வர வெச்சுட்டான்!" என்று மாதையன் குதித்தார். கூட்டம் சலசலத்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மாதையன்மேல் பாதி, அண்ணன்மேல் பாதி. ஒரு வார்த்தை சொல்லி அணைத்துத் தொலைத்தால் என்ன? சட்டம் அவர் பக்கம், உண்மையும் அவர் பக்கம். மகளுக்காகவாவது அணைத்திருக்கலாம்.

சுசித்ரா முன்னால் வந்தாள். அப்பா முகத்துக்கு நேரே நின்றாள்.

"ஏம்ப்பா இல்லைன்னு சொன்னீங்க?"

இந்த முறை தப்பித்துப் போக அண்ணனுக்குக் கழுவப் பாத்திரமும் இல்லை, போட மோட்டாரும் இல்லை.

"ரெண்டு தடம் இருக்கும்னு தேடுனேன் கண்ணு. இல்லை. கத்தியிருப்பாளேன்னு நெனச்சேன். அவ கத்தலை. அதனால பாம்பு இல்லைன்னு முடிவு பண்ணிட்டேன்."

"ரெண்டு தடம் இருக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலை. நான்தான் எழுதியிருக்கேன்."

"அதை யாரைக் கேட்டு எழுதுனீங்க?"

"யாரையும் கேக்கலை. எல்லாரும் அப்பிடித்தான் எழுதுவாங்க. எழுதி எழுதி அதுதான் நெசம்னு எனக்கே ஆயிடுச்சு."

தான் எழுதிய பொய்யைத் தானே நம்பிய ஆள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்த வரிகளை அடித்தவள் நான். எனக்கும் அது பொய் என்று தெரிந்திருக்கவில்லை. ஊரில் அதைக் காதால் கேட்டு ரசித்தவர்களுக்கும் தெரியவில்லை. ஆனால் டாக்டர் கேட்டபோது பதில் சொன்னது அவர் ஒருவர்தான்.

கற்பூரம் கரைந்து சுடர் சின்னதாகிக்கொண்டிருந்தது. தானாக அணைந்தால் சத்தியம் செய்யவில்லை என்று ஆகிவிடும், பழி அவர் தலையில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். சுசித்ரா சட்டென்று குனிந்தாள். உள்ளங்கையை ஓங்கித் தீயின்மேல் அடித்தாள்.

"எங்கம்மாவை எங்கப்பா கொல்லலை" என்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

கையை எடுத்தபோது கல்லில் கரி மட்டும் இருந்தது. பெற்ற மகளே தன் வம்சத்தை வைத்துச் சத்தியம் செய்தபிறகு மாதையனால் என்ன பேச முடியும்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எங்கேயும் எடுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நான் ஓடிப் போய்ச் சுசித்ராவின் கையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினேன். உள்ளங்கை நடுவில் தோல் கன்றிச் சிவந்திருந்தது. எனக்கு அழுகையும் சந்தோஷமுமாக இருந்தது. அப்பனும் மகளும் ஒன்றாகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை கதை அடித்தவளுக்கு எப்போதும் முடிவு நல்லபடியாகத்தான் தோன்றும்.

அவள் அங்கேயிருந்தே பஸ் ஏறிப் பெங்களூர் போய்விட்டாள். அப்பாவிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அண்ணன் மறுவாரம் வேலைக்கு வந்தார். இன்றைக்கும் வருகிறார். வண்டிக்கு நேரம் எழுதுகிறார், இடைவெளியில் பெஞ்சில் உட்கார்கிறார். எழுதுவதில்லை. குரல் கம்பெனிக்காரர்கள் இன்னொரு பழைய நாவல் கேட்டு என் கடைக்குப் போன் செய்தார்கள். அண்ணனிடம் சொன்னேன். சரி என்றார். கொடுக்கவா என்றேன். சரி என்றார். வேண்டாம் என்று சொல்லிவிடவா என்றேன். அதற்கும் சரி என்றார். எனக்குக் கோபம் வந்து, நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சோறு தின்றீர்களா என்றால் தின்றேன் என்பார். என்ன குழம்பு என்றால் தெரியவில்லை என்பார். சண்டை போடலாம் என்று சீண்டிப் பார்த்தேன், நார்வே என்றுகூட ஆரம்பித்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. அவரைக் கொலைகாரர் என்று சொன்ன வாய்கள் இப்போது, மகள் பேசுவதில்லையே, அப்போ ஏதோ இருக்கிறது என்கின்றன. மகளே சத்தியம் செய்த உத்தமர் என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. இதைத்தான் அரைகுறை என்றேன்.

இந்த வருஷம் அண்ணிக்குத் தலைத்திவசம் வந்தது. அண்ணன் தயங்கித் தயங்கி ரோட்டைத் தாண்டி என் கடைக்கு வந்தார்.

"சுசி வருவாளான்னு கேட்டுச் சொல்றியா கலை?"

அவர் எதிரிலேயே பேசப் பிடிக்காமல், பிறகு செய்கிறேன் என்று அனுப்பிவிட்டுப் போன் போட்டேன். அம்மாவுக்குப் பெங்களூரிலேயே கும்பிட்டுக்கொள்வதாகச் சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏண்டி கண்ணு, அத்தனை பேரு முன்னால கையைச் சுட்டுக்கிட்டு உங்கப்பாவைக் காப்பாத்துனியே. அப்புறம் ஏன் இப்பிடி இருக்கே?"

நிதானமாகச் சொன்னாள்.

"அவரு கொல்லலைன்னுதாங்க்கா சத்தியம் பண்ணேன். மன்னிச்சுட்டேன்னு பண்ணலையே."

மறுநாள் அண்ணன் வந்து கேட்டார், என்ன சொன்னாள் என்று. பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வேலை இருக்கிறதாம், அடுத்த வருஷம் வருவாளாம் என்று சொல்லியிருக்கலாம். முடியவில்லை. பொய்யை நம்பி அந்த வீட்டில் பட்டது போதும். அவள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

கேட்டுக்கொண்டார். "சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார்.

"நீங்களாவது ஒரு தடவை போய், மன்னிச்சுடும்மான்னு கேளுங்களேன்."

"கேக்கலாம்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "கேக்கணும்னு தோணணும் இல்லையா கலை. எனக்கு எதுவுமே தோண மாட்டேங்குது."

கிருஷ்ணகிரி வண்டி உள்ளே வந்தது. நேரம் எழுத எழுந்து போனார்.